எல்லாமே 3,500 கிலோ இழுக்குமாமே, எதை வாங்குவது?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். போன மாதம் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். அதன் தகட்டில் டேர் 2,250, ஏ.டி.எம். 2,900 என்று போட்டிருக்கிறது. இழுக்க ஒரு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். இசுசு எம்.யு.-எக்ஸ், இசுசு டி-மாக்ஸ், டொயோட்டா லேண்ட்க்ரூஸர் 300 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றுமே 3,500 கிலோ இழுக்கும் என்கிறார்கள். ஏழு இருக்கை உள்ள எம்.யு.-எக்ஸ் குடும்பத்துக்கு வசதி, விலையும் லேண்ட்க்ரூஸரில் பாதிக்குப் பக்கம்தான். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வண்டியில் குறையொன்றும் இல்லை. உங்கள் கேரவனோடு சேர்த்தால் கணக்கு உதைக்கிறது.

டேர் என்பது கேரவனின் வெற்று எடை. ஏ.டி.எம். (பணம் எடுக்கிற சமாசாரம் இல்லை) என்பது சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு அது தொடக்கூடிய உச்ச எடை. காருக்கும் அதே மாதிரி ஓர் உச்சம் உண்டு, அது ஜி.வி.எம். காரும் கேரவனும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை ஜி.சி.எம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 3,500. மற்ற இரண்டும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஆனால் உங்கள் கையைக் கட்டப் போவது அந்த இரண்டும்தான்.

எம்.யு.-எக்ஸின் ஜி.வி.எம். 2,800 கிலோ. ஃபோர் வீல் டிரைவ் ரகத்தின் சொந்த எடை ஏறத்தாழ 2,170. மிச்சம் 630. கேரவனின் முன்பக்கம் காரின் டோ பால் (காருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டு) மேல் உட்காருகிறது இல்லையா, அந்தச் சுமையும் காரின் கணக்கில்தான் வரும். பொதுவாகக் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு 290 கிலோ. போக 340. நீங்கள் நால்வரும் ஏறினால் ஒரு 250 போய்விடும். டோ பாலைத் தாங்கும் டோ பார் என்ற சட்டம், அதைச் சார்ந்த சாமான்கள் ஒரு 40. கையில் நிற்பது 50 கிலோ. ஒரு கூலர் பெட்டி, ஒரு மூட்டை பொன்னி அரிசி, அவ்வளவுதான். கங்காருவுக்குப் பயந்து முன்னால் புல் பார் மாட்டினால் அதுவும் இல்லை.

இந்த வண்டியின் ஜி.சி.எம். 5,900. நிஜமாகவே 3,500 கிலோவைப் பின்னால் மாட்டினால் கார் 2,400 கிலோதான் இருக்கலாம். நான்கு பேர் ஏறினாலே தாண்டிவிடும். விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை, ஒருவர் மட்டும் வெறும் வண்டியை ஓட்டிப் போனால் உண்மைதான்!

டி-மாக்ஸ் டபுள் கேப் அதே இன்ஜின் உள்ள யூட், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தொட்டியும் உள்ள வண்டி. ஆனால் ஜி.வி.எம். 3,100, ஜி.சி.எம். 6,000, சொந்த எடை ஏறத்தாழ 2,100. மேலே சொன்ன அதே கழித்தல்களைச் செய்தால் 400 கிலோவுக்கு மேல் மிஞ்சுகிறது. லேண்ட்க்ரூஸர் 300-க்கு ஜி.வி.எம். 3,280, ஜி.சி.எம். 6,750. கேட்க அமோகமாக இருக்கிறது. ஆனால் அதன் சொந்த எடையே 2,500-க்கும் 2,600-க்கும் இடையில், ரகத்தைப் பொறுத்து. கழித்துப் பார்த்தால் 100 முதல் 200 கிலோதான் மீதம். சாலையில் பிடிமானம் அதற்குத்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். இழுக்கிற கார் கனமாக இருந்தால் எதிர்க்காற்றிலும் பெரிய லாரி கடந்து போகும்போதும் கேரவன் வாலை ஆட்டுவது குறையும். அதற்காக ஒரு லட்சம் டாலர் பக்கம் கொடுப்பது உங்கள் பை சார்ந்த விஷயம்.

நான் வாங்குவதானால் டி-மாக்ஸ்தான். ஆனால் பின் தொட்டியில் எதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். டோ பால் பின் அச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே மூன்றேகால் மீட்டர் தூரமுள்ள யூட்டில், 290 கிலோ அங்கே அழுத்தினால் சீசா பலகை மாதிரி முன்சக்கரங்களிலிருந்து 110 கிலோ தூக்கப்படும். பின் அச்சில் 400 கிலோ இறங்கும். முன்சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. பின் அச்சுக்கென்று தனியாக ஓர் உச்ச எடையும் உண்டு, மொத்தம் சரியாக இருந்தாலும் அது தாண்டியிருக்கலாம். அதனால் கனமான சாமானைக் கேபினை ஒட்டி வையுங்கள், கடைசிக் கதவோரம் வேண்டாம்.

கார் வாங்கப் போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நண்பர் யாரிடமாவது தகுந்த வண்டி இருந்தால், பயணத்துக்கு ஏற்றுவது போலவே சாமான் ஏற்றி, கேரவனை எடை மேடைக்குக் கொண்டு போங்கள். பழைய கேரவன்களில் முன்னாள் உரிமையாளர் பிற்பாடு சேர்த்த சோலார் பலகையும் கூடுதல் பேட்டரியும் தகட்டு எடையில் இருக்காது. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு இருந்தால் நிரப்பினதும் 190 கிலோ.

அப்புறம் பிரேக். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கேரவன் காரிலிருந்து கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் பிரேக்-அவே அமைப்பும் கட்டாயம். அதற்கென்று தனி பேட்டரி இருந்தால், அது செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். மின்சார பிரேக் என்றால் காரில் அதை இயக்கும் கன்ட்ரோலர் பொருத்தும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டி-மாக்ஸில் மழை பெய்யும்போது கேரவனோடு 4எச் (நான்கு சக்கரங்களையும் இன்ஜின் சுற்றும் நிலை) போட்டு ஓட்டினால் பிடிமானம் கூடுமா?

பதில்: தார் சாலையில் போடாதீர்கள், நனைந்திருந்தாலும். டி-மாக்ஸ் மாதிரி, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாறும் பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் இரண்டுக்கும் வேறு வேறு தூரம். கெட்டியான தரையில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ள முடியாமல் கியர்கள் முறுக்கேறும். சரளைச் சாலை, சேற்றுப் பாதை, படகு இறக்கும் சரிவு, அங்கே தாராளமாகப் போடலாம். லேண்ட்க்ரூஸர் 300 எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வகை. நடுவில், இரண்டு அச்சுகளையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: நான் பிரிஸ்பேன்வாசி. எம்.யு.-எக்ஸ் ஏற்கனவே வாங்கிவிட்டேன். கேரவன் 2,300 கிலோ. ஸ்பிரிங் மாற்றி ஜி.வி.எம். கூட்டித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சான்றிதழோடு முறைப்படி செய்தால் சட்டப்படி செல்லும். வெறும் ஸ்பிரிங் மட்டும் மாற்றி, காகிதம் இல்லாவிட்டால் உச்ச எடை பழைய 2,800-தான். உங்கள் கேரவனுக்கு பால் சுமை 230 கிலோதான், இரண்டு பேர் போவதானால் இது தேவையே இல்லாமல் போகலாம், கூட்டிப் பாருங்கள். செய்வதென்றால் கடைக்காரரிடம் ஜி.சி.எம். கூடுகிறதா, பின் அச்சின் உச்ச எடை எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.