கடற்பாசி காய்ச்சிக் கொடுத்தால் ஒவ்வாமை ஆஸ்துமா குறையுமா? குழந்தைக்கு இன்ஹேலரை நிறுத்தலாமா?

இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். பாசிச் சத்துகள் ஒவ்வாமை ஆஸ்துமாவைக் குறைக்கலாம் என்று நீங்கள் படித்த ஆய்வுச் செய்தி பொய்யில்லை. ஆனால் ஆய்வில் பயன்பட்ட பொருள் வேறு, கடையில் நீங்கள் வாங்கும் பொருள் வேறு.

மளிகைக் கடையில் 'கடல்பாசி' என்று கிடைக்கும் வெள்ளை இழை, அகர் அகர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்ற சிவப்புப் பாசிகளை வேகவைத்து, வடித்து, உறையவைத்து, உலர்த்தி எடுப்பது அது. ஆஸ்துமா ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் டைக்கால், எக்கால் போன்ற ஃபுளோரோடானின்கள் என்ற வேதிப்பொருள்கள் பழுப்புப் பாசியில்தான் உண்டு. கொரியக் கடலில் வளரும் எக்லோனியா காவா என்ற பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தவை. ஃபூகாய்டன் என்ற சல்ஃபேட் சர்க்கரையும் பழுப்புப் பாசிச் சரக்குதான். சிவப்புப் பாசியின் சல்ஃபேட் சர்க்கரைகளையும் எலிகளில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் சல்ஃபேட் குறையக் குறையத்தான் அகர் கெட்டியாக உறையும் என்பதால், கஞ்சிப்பாசியைக் காரக் கரைசலில் (ஆல்கலி) ஊறவைத்துச் சல்ஃபேட்டைக் குறைத்துவிடுவார்கள்.

இந்தப் பொருள்கள் என்ன செய்கின்றன? தூசிப்பூச்சி போன்ற ஒவ்வாப் பொருளுக்கு எதிராக உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்பு செல்லின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தூசி வந்து அதில் பட்டால் அந்தச் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், மூச்சுக்குழாய் இறுகும். சில ஃபுளோரோடானின்கள் ஐஜிஇ அப்படி ஒட்டுவதையே ஆய்வகத்துச் செல்களில் தடுக்கின்றன. உண்மையிலேயே நம்பிக்கை தரும் விஷயம் இது.

இனி எலிச் சோதனைக்கு வருவோம். முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை அலுமினிய உப்போடு கலந்து எலியின் வயிற்றுக்குள் ஊசி போடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. பிறகு அதே புரதத்தை மூச்சில் இழுக்க வைத்து, நுரையீரலை உப்புநீரில் அலசி, ஒவ்வாமை வீக்கத்தில் பெருகும் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை எண்ணுகிறார்கள். பாசிச் சாற்றைப் பெரும்பாலும் மூச்சில் இழுக்கவைக்கும் முன்பே கொடுத்துவிடுவார்கள். அதாவது, வரப்போகும் வீக்கத்தைத் தடுத்துப் பார்க்கிறார்கள். வருடக்கணக்காக இழுப்பு இருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாயில் வீக்கம் ஏற்கெனவே குடியிருக்கிறது.

அளவையும் அப்படியே பெருக்கக் கூடாது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. என்றால், மனிதருக்கு 12.3ஆல் வகுத்துக் கிலோவுக்குச் சுமார் 8 மி.கி. என்று கணக்கிடுவார்கள். 60 கிலோ ஆளுக்கு அரை கிராம் போல வரும். அதுவும் பிரித்தெடுத்த சாறு, முழுப் பாசி அல்ல. இது ஆய்வைத் தொடங்குவதற்கான கணக்குதான், குழந்தைக்கு மருந்தளவு அல்ல.

அதற்காகப் பழுப்புப் பாசித் தூளை ஆன்லைனில் வாங்கவும் வேண்டாம். பெரியவருக்கே நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஜப்பானியச் சமையலில் வரும் கொம்பு (kombu) என்ற பழுப்புப் பாசி ஒரு கிராமிலேயே 1,000 மைக்ரோகிராமைத் தாண்டலாம், தைராய்டு குழம்பும். ஹிஜிகி என்ற இன்னொரு பழுப்புப் பாசியில் நச்சான கனிம ஆர்சனிக் அதிகம். ஃபூகாய்டன் ஹெப்பாரின் மருந்து போல ரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியது, வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

அகர் இழையில் பால் ஊற்றிக் கடல்பாசி செய்து கொடுங்கள், நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டால் சில வாரங்களில் வீக்கம் திரும்பிவிடும். உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால், ஸ்பேசரையும் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், குழந்தை அதில் இழுக்கும் விதத்தை அவர் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.