மிலிட்டரி மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கலாமா? குடும்பத்தை அவரால பாத்துக்க முடியுமா?

தங்கச்சிக்கு மிலிட்டரி மாப்பிள்ளை வந்திருக்கு, வருஷத்துல முக்காவாசி நாள் வீட்டுலயே இல்லாதவரு எப்படி பொண்டாட்டி புள்ளைங்கள பாத்துக்குவாருன்னு கேட்டிருக்கீங்க. நான் மிலிட்டரிக்காரர் பொண்ணு. வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டை பக்கம் எங்க ஊரு, அங்கெல்லாம் தெருவுக்குப் பாதிப் பேரு பட்டாளம்தான். எங்கப்பாவப் பத்தி சொல்றேன், படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

அப்பா 1981ல சேர்ந்து வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சு மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்தாரு, 2005ல ஹவில்தாரா பென்ஷன் வந்தாரு. 24 வருஷ சர்வீஸ். வருஷத்துக்கு ஆனுவல் லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள், அத்தனையும் முழுசா கிடைச்சிருந்தா கூட மொத்தமா கூட்டினா ஆறு வருஷம் வராது. முழுசாவும் கிடைக்கல. 2001 டிசம்பர்ல பார்லிமெண்ட் தாக்குதல் நடந்ததும் பார்டருக்குப் படைய நகர்த்தினாங்க இல்லையா, அப்ப பொங்கலுக்கு வர வேண்டிய லீவு கேன்சல், என் பத்தாவது பரிட்சையும் போச்சு ரிசல்ட்டும் போச்சு, அவர் வீட்டுப் படி ஏறும்போது அந்த வருஷ தீபாவளியே முடிஞ்சிருந்தது. 1994ல தாத்தா செத்தப்ப தந்தி போய்ச் சேர்ந்து, அவர் இருந்த இடத்துல இருந்து கான்வாய்ல, அதாவது வரிசையா போற மிலிட்டரி வண்டியில, ஜம்மு வந்து, ரயில் புடிச்சு ரெண்டு ராத்திரிக்கு மேல உக்காந்துட்டே வந்து காட்பாடியில இறங்கினாரு, அன்னிக்கு ஆறாவது நாள். கருமாதிக்கு இருந்தாரு, அவ்ளோதான். பெத்த அப்பா முகத்த பாக்க முடியலைங்கறத இன்னிக்கும் சொல்லி அழுவாரு.

அதனால கஷ்டமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கஷ்டம் முக்காவாசி அம்மாவுக்குத்தான். லெட்டர்ல அப்பா இருக்கற ஊர் பேரே இருக்காது, நம்பர், ரேங்க், யூனிட்டு, கீழ 99 ஏபிஓ இல்லன்னா 56 ஏபிஓ (ஏபிஓன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ்), அவ்ளோதான் அட்ரஸ். அம்மா எட்டாவதுதான், ஆனா 99ன்னா அஸ்ஸாம் நாகாலாந்து பக்கம், 56ன்னா பஞ்சாப் காஷ்மீர் பக்கம்னு அக்கம்பக்கத்துல கேட்டு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. 99 மாறி 56ன்னு லெட்டர் வந்தா அன்னிக்கு எங்க வீட்ல பேச்சே இருக்காது.

ஆனா அந்த லெட்டர்ல அப்பா கேக்கறதப் பாக்கணும் நீங்க. மாடு கன்னு போட்டுச்சா, தம்பிக்கு பல்லு முளைச்சிடுச்சா, பின்பக்க ஓடு மாத்தினியான்னு வரிசையா கேட்டு, கடைசியில தவறாம ஒண்ணு எழுதுவாரு, புள்ளைங்க கால் அளவு அனுப்பு. அம்மா எங்களை நோட்டுப் பேப்பர் மேல நிக்க வச்சு பென்சிலால பாதத்தைச் சுத்தி கோடு போடுவாங்க, பென்சில் விரல் இடுக்குல போகும்போது தம்பிக்கு கூச்சம் தாங்காது, ஆடிடுவான், கோடு கோணலாயிடும், திரும்ப முதல்ல இருந்து. அந்தப் பேப்பர வச்சு அப்பா எங்கயோ ஒரு கடையில ஷூ வாங்கி டிரங்குப் பெட்டியில போட்டு வைப்பாரு. லீவு தள்ளித் தள்ளிப் போகும். அவர் வந்து இறங்கறதுக்குள்ள எங்க காலு வளர்ந்துடும். மொத ரெண்டு தடவை ஷூ பத்தாமப் போச்சு, அப்புறம் ஒரு சைஸ் பெருசாவே வாங்க ஆரம்பிச்சிட்டாரு.

1995ல இருந்து ரெண்டரை வருஷம் செகந்திராபாத்ல குவார்ட்டர்ஸ் கிடைச்சு எங்களைக் கூட்டிட்டுப் போனாரு, அதுதான் நாங்க சேர்ந்து இருந்த காலம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அவரோட பூட்ஸ், என் ஷூ, தம்பி ஷூ மூணையும் வரிசையா வச்சுக்குவாரு. பழைய பனியன் துணிய விரல்ல இறுக்கிச் சுத்தி, பாலிஷ்ல ஒரு தொடு, டப்பா மூடியில இருக்கற தண்ணியில ஒரு தொடு, அப்புறம் சின்னச் சின்ன வட்டமா தேச்சுக்கிட்டே இருப்பாரு, ட்யூப்லைட்டு அதுல தெரியற வரைக்கும். தேய்க்கும்போதுதான் ஸ்கூல் கதையெல்லாம் கேப்பாரு. டீச்சர் பேரு, பக்கத்துல உக்கார்ற பொண்ணு பேரு வரைக்கும் ஞாபகம் வச்சிருப்பாரு. தினமும் வீட்டுல இருந்த எங்க சித்தப்பாவுக்கு அவர் பசங்க எந்த கிளாஸ் படிக்கறாங்கன்னே தெரியாதுங்க.

அவர் இடது கால்ல ரெண்டு விரல் கருத்துப் போய் இருக்கும். அம்யூனிஷன் பெட்டி விழுந்துடுச்சுன்னு சொல்லுவாரு, நாங்களும் அதையே நம்பிட்டு இருந்தோம். 2016 பிப்ரவரி 3ந்தேதி சியாச்சின்ல 19,600 அடியில பனிச்சரிவுல மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19வது பட்டாலியன் ஆளுங்க பத்து பேர் புதைஞ்சாங்க, அதுல நாலு பேர் தமிழ்நாடு, ஒருத்தர் எங்க வேலூர் மாவட்டமே. அந்த ஒரு வாரம் அப்பா டிவி முன்னாடியே இருந்தாரு. அந்தப் பத்து பேர்ல ஒருத்தரான ஹனுமந்தப்பாவ ஆறு நாள் கழிச்சு உசுரோட எடுத்தாங்கன்னதும் எழுந்து நின்னு கும்பிட்டாரு, 11ந்தேதி அவரும் போயிட்டாருன்னு நியூஸ் வந்தப்பதான் வாயத் தெறந்தாரு. 1992ல நானும் அங்க மேல போஸ்ட்ல இருந்தேன்மா, இது பெட்டி விழுந்தது இல்ல, பனி கடிச்சது, இந்த ரெண்டு விரல்ல இப்பவும் உணர்ச்சி கிடையாதுன்னாரு. அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. நான் உள்ள போய் கணக்குப் போட்டுப் பாத்தேன், 1992ல எனக்கு ஆறு வயசு, அந்த வருஷமும் கால் அளவு அனுப்புன்னு லெட்டர் வந்தது.

உங்க தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். தனியா ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரின்னு அலையத் தெம்பு இருக்கா, இல்ல நீங்க கூட நிப்பீங்களான்னு மொதல்ல பாருங்க, எங்கம்மாவுக்கு மாமாங்க ரெண்டு பேர் நின்னாங்க. ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைச்சா ஸ்கூல் வருஷம் பாதியில இருந்தாலும் யோசிக்காம கிளம்பிப் போகச் சொல்லுங்க, அந்த ரெண்டு மூணு வருஷம் திரும்பக் கிடைக்காது. மத்தபடி மாப்பிள்ளை நல்லவரான்னு விசாரிங்க, வேலைய வச்சு வேண்டாம்னு சொல்லிடாதீங்க.

அப்பாவுக்கு இப்ப அறுபது தாண்டிடுச்சு. என் வீடு அடுத்த தெருதான், என் பையன தினமும் பாக்கறாரு, சாயங்காலம் அவன்தான் அவர்கூட வாக்கிங் போறான். போன வாரம் மிலிட்டரி கேன்டீன் கடைக்குப் போயி அவனுக்கு ஷூ வாங்கிட்டு வந்தாரு. போட்டுப் பாத்தோம், ஒரு சைஸ் பெருசு.