பழைய சர்வரின் ரிமோட் கன்சோல் ஜாவா ப்ளகின் கேட்கிறது. உபுண்டு 22.04-இல் அதை ஓட்ட வழி உண்டா?

உண்டு. "சர்வரையே மாற்றுங்கள்" என்று இங்கே நாலு பேர் சொல்வார்கள். ராத்திரி பூட் ஆகாமல் நிற்கும் மெஷினின் திரையை உடனே பார்க்க வேண்டியவருக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்களிடம் இருப்பது டெல் சர்வர்களில் வரும் ஐடிராக் 6 போன்ற பழைய நிர்வாக போர்டு (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டும் துணைக் கணினி), லாகின் பக்கம் வரை வருகிறது, கன்சோலைத் தொட்டால்தான் ப்ளகின் இல்லை என்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இன்றைய ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ எந்த ஆட்-ஆன் போட்டாலும் ஜாவா ப்ளகின் வராது. ப்ளகின்கள் நுழைந்த என்பிஏபிஐ என்ற இணைப்பே ப்ரவுசரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. லினக்ஸ் குரோமில் 2014-லேயே, 35ஆம் பதிப்போடு போனது. ஃபயர்ஃபாக்ஸில் 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்பு ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பு ஃப்ளாஷையும் நிறுத்தியது. ஆகவே ப்ளகினைப் புதிய ப்ரவுசருக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பழைய ப்ரவுசரையும் பழைய ஜாவாவையும் ஜோடியாக ஓர் ஓரத்தில் வையுங்கள்.

அதற்கு முன் ப்ளகின் நிஜமாகவே வேண்டுமா என்று பாருங்கள். கன்சோல் பட்டனை அழுத்தும்போது .ஜேஎன்எல்பி என்று முடியும் சின்ன ஃபைல் இறங்கினால் ப்ளகின் வேண்டாம். ஆரக்கிள் ஜாவா 8-உடன் வரும் ஜாவாடபிள்யூஎஸ் (javaws) கமாண்டுக்கு அந்த ஃபைலைக் கொடுத்தால் கன்சோல் திறந்துவிடும். ஆனால் இறங்கியவுடன் ஓட்டுங்கள். பல போர்டுகள் அந்த ஃபைலுக்குள் ஒருமுறை மட்டும் செல்லும் சாவியை வைத்து அனுப்புகின்றன, நேற்றைய ஃபைல் இன்று வேலை செய்யாது. பக்கத்தின் சோர்ஸில் 'ஆப்லெட்' (பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவா செயலி) என்ற டேக் இருந்தால்தான் இனி வரும் வேலை முழுவதும் தேவை.

ப்ரவுசருக்கு மொசில்லாவின் பழைய வெளியீட்டுத் தொகுப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் 52.9.0 இஎஸ்ஆர், 64 பிட் எடுங்கள். சாதாரண 52 அல்ல, நீண்ட காலம் ஆதரவு தரப்பட்ட இஎஸ்ஆர் வெளியீடுதான். அதில்தான் ஜாவா ப்ளகின் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆப்ட் (/opt) ஃபோல்டரில் ரூட் உரிமையோடு விரித்து வையுங்கள். உங்கள் பயனர் கணக்கில் எழுத உரிமை இல்லாததால் அது தானாக 60ஆம் பதிப்புக்குத் தாவாது. உபுண்டுவோடு வந்த ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸைத் தொட வேண்டியதில்லை. லிப்டிபஸ்-ஜிலிப்-1-2, லிப்ஜிடிகே2.0-0, லிப்எக்ஸ்டி6 ஆகிய மூன்று பேக்கேஜ்களையும் ஆப்ட் (apt) கமாண்ட் வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பேக்கேஜ் இல்லாவிட்டால் ப்ரவுசர் எழும்பவே எழும்பாது, டெர்மினலில் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடும்.

ஜாவாவுக்கு ஆரக்கிள் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்டும் தொகுப்பு) 8 அப்டேட் 202. உபுண்டுவின் ஓப்பன்ஜேடிகே 8 உதவாது, அதில் ப்ரவுசர் ப்ளகினே கிடையாது. 202-ஐச் சொல்லக் காரணம் உண்டு. 2019 ஏப்ரலில் வந்த 211-இலிருந்து உரிமம் மாறிவிட்டது. 2021-இல் வந்த 291, டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பின் பழைய 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் மூடிவிட்டது. உங்கள் போர்டு பேசுவது அநேகமாக அவற்றில் ஒன்றுதான். டவுன்லோட் செய்ய ஆரக்கிள் கணக்கு வேண்டும். இதையும் /opt ஃபோல்டரிலேயே விரியுங்கள்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம். ஜேஆர்இ-க்குள் லிப், அதற்குள் ஏஎம்டி64 ஃபோல்டரில் லிப்என்பிஜேபி2.எஸ்ஓ (libnpjp2.so) என்ற ஃபைல் இருக்கும். உங்கள் ஹோமில் .மொசில்லா, அதற்குள் ப்ளகின்ஸ் என்ற ஃபோல்டர் உண்டாக்கி, அங்கே இந்த ஃபைலுக்குச் சிம்லிங்க் (அசல் ஃபைலைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள். காப்பி செய்யாதீர்கள். தான் எங்கே இருக்கிறேன் என்பதை வைத்துத்தான் அது மற்ற ஜாவா ஃபைல்களைத் தேடுகிறது. காப்பி செய்தால் தேடுவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

ப்ரவுசரை -நோ-ரிமோட், -பி (ஆங்கிலப் பெரிய எழுத்து P) என்ற இரண்டு ஆப்ஷன்களோடு தொடங்கி, புதிய ப்ரொஃபைல் ஒன்று உண்டாக்குங்கள். தினசரி ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கவே கூடாது. முகவரிப் பட்டியில் அபவுட்:ப்ளகின்ஸ் அடித்தால் ஜாவா தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த எஸ்ஓ ஃபைலின் மேல் எல்டிடி (ldd) கமாண்டை ஓட்டி எந்த லைப்ரரி இல்லை என்று பாருங்கள். 64 பிட் ப்ரவுசருக்கு 32 பிட் ஜாவாவைக் கொடுத்திருந்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டும் சரியாக இருந்தால் ப்ரொஃபைலில் உள்ள ப்ளகின்ரெஜ்.டாட் ஃபைலை அழித்து மறுபடி தொடங்குங்கள்.

ப்ளகின் தெரிந்த பிறகும் ஜாவா தடுக்கும். ஜாவாவின் அமைப்புகள் ஜன்னலான ஜேகன்ட்ரோலைத் (jcontrol) திறந்து, செக்யூரிட்டி டேபில் விதிவிலக்குத் தளப் பட்டியலில் போர்டின் முகவரியை முழுதாக, ஹெச்டிடிபிஎஸ் முதல் எழுதுங்கள். வழக்கமான 443 அல்லாத போர்ட் என்றால் அந்த எண்ணும் சேர வேண்டும்.

இதற்கும் மசியாமல், கையெழுத்தில்லாத செயலி கணினி முழுவதற்கும் அனுமதி கேட்கிறது என்று ஒரு பெட்டி வரும். உங்கள் போர்டு அனுப்பும் ஜார் ஃபைலில் (ஜாவா செயலியின் பொதி) டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. அது எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில் போட்டது என்பதால், அப்டேட் 131 முதல் ஜாவா அதைக் கையெழுத்தே இல்லாததாகக் கணக்கில் வைக்கிறது. ஜேஆர்இ-க்குள் லிப், செக்யூரிட்டி, அதில் ஜாவா.செக்யூரிட்டி என்ற ஃபைலைத் திறந்து, ஜேடிகே.ஜார்.டிசேபிள்டுஅல்காரிதம்ஸ் வரியில் எம்டி5 என்ற சொல்லை மட்டும் எடுங்கள். டிஎல்எஸ் பிழை வந்தால் ஜேடிகே.டிஎல்எஸ்.டிசேபிள்டுஅல்காரிதம்ஸ் வரியில் 3டிஇஎஸ், ஆர்சி4 போன்ற பழைய மறையாக்க முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அந்த வரி அடுத்த வரிக்கும் நீளும். முடிவில் ஒரு பின்சாய்வுக் கோடு இருக்கும். இரண்டாம் வரியை அழித்துவிட்டு அந்தக் கோட்டை விட்டுவைத்தால், அதற்கடுத்த வரியையும் ஜாவா இதன் தொடர்ச்சியாகவே படிக்கும். அப்புறம் ஏன் பிழை என்றே புரியாது.

ஒரே மாடலில் இரண்டு போர்டுகள் இருந்தால் சான்றிதழின் வரிசை எண் ஒன்றே என்று ஃபயர்ஃபாக்ஸ் மறுக்கும். தயாரித்தவர்கள் எல்லாவற்றிலும் ஒரே சான்றிதழை அச்சடித்து அனுப்பியதன் விளைவு. போர்டுக்கு ஒரு ப்ரொஃபைல் என்று பிரித்துவிடுங்கள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்க்கும் ஃபர்ம்வேர் அப்டேட்டைச் சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டண ஒப்பந்தத்துக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய இரும்பு, அதன் பிழைத் திருத்தத்துக்கு மறுபடி காசு. இது அநியாயம்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்கள் கேட்பது நியாயமே, இந்த ஜோடி ஓட்டை நிறைந்தது. அதனால் இந்த ப்ரொஃபைலில் ப்ராக்ஸியை 127.0.0.1, போர்ட் 9 என்று கொடுத்து, ப்ராக்ஸி வேண்டாத பட்டியலில் போர்டின் ஐபியை மட்டும் எழுதுங்கள். ஒன்பதில் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. போர்டைத் தவிர வேறு எந்தப் பக்கமும் திறக்காது.

கன்சோல் ஜன்னல் திறந்து, உள்ளே இணைப்பு தோல்வி என்றால் குற்றம் ஜாவாவிடம் இல்லை. ஐடிராக் 6 திரையை 5900 போர்ட்டில் அனுப்புகிறது. எஸ்எஸ்ஹெச் டன்னல் (வேறொரு கணினி வழியாகப் போடும் பாதுகாப்பான பாதை) வழியே வந்து, அதில் 443-ஐ மட்டும் திறந்தவர்களுக்கு இதுதான் நடக்கும்.

உங்களுடையது ஜாவா இல்லை, ஃப்ளாஷ் பக்கம் என்றால் முதலில் இன்றைய ப்ரவுசரில் ஃப்ளாஷுக்குப் பதிலாக ஓடும் ரஃபிள் ஆட்-ஆனைப் போட்டுப் பாருங்கள், பல பக்கங்கள் அதிலேயே ஓடும்.

ஒருமுறை ஓடியதும் ஃபயர்ஃபாக்ஸ், ஜேஆர்இ, ப்ரொஃபைல், .ஜாவா நான்கு ஃபோல்டரையும் டார் போட்டு வேறு டிஸ்க்கில் வையுங்கள். 24.04-க்கு மாறினால் ஜிடிகே, எக்ஸ்டி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் டி64 சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.