கோபத்துல எடுத்த முடிவு செல்லுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், நான் ஒரு பனியன் கம்பெனில எச்.ஆர். போன வாரம் ஒரு சீனியர் டெய்லர் ஃப்ளோர்ல எல்லார் முன்னாடியும் புரொடக்‌ஷன் மேனேஜரை அசிங்கமா திட்டிட்டார். எம்.டி. "இன்னைக்கே ஆள வெளிய அனுப்பு"ங்கறார். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் டிரெய்னிங்ல பொறுமையா இருக்கச் சொன்னாங்க, இதுல எங்க பொறுமையா இருக்கறது?
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த டிரெய்னிங்ல பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க போல. 1990ல சலோவே, மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க இதப்பத்தி கட்டுரை எழுதினப்போ சிரிச்ச முகமா இருங்கன்னெல்லாம் சொல்லல, உங்க உணர்ச்சியையும் எதிராளி உணர்ச்சியையும் கவனிச்சு, எது எதுன்னு பிரிச்சுப் பாத்து, அந்தத் தகவலை வச்சு யோசிங்கன்னுதான் சொன்னாங்க. எம்.டி. கோபத்துக்குள்ள ஒரு நியாயமான பயம் இருக்கு, இனிமே ஃப்ளோர்ல மேனேஜர் பேச்ச யார் கேப்பாங்கங்கற பயம், அத குறிச்சு வச்சுக்கோங்க. ஆனா டெய்லர் அன்னைக்கு ஏன் வெடிச்சார்ங்கறது அந்தக் கோபத்துக்குத் தெரியாது, விசாரிச்சாதான் தெரியும்.

கோர்ட்டும் இததான் பாக்குது. 1982ல ரமாகாந்த் மிஸ்ரா வழக்குன்னு ஒண்ணு, உத்தரப்பிரதேச தொழிலாளி, மேலதிகாரிகிட்ட வாய விட்டுட்டார்னு வேலையவிட்டு எடுத்துட்டாங்க. சுப்ரீம் கோர்ட் பாத்துது, 14 வருஷ சர்வீஸ்ல வேற புகார் ஒண்ணுமே இல்ல, இதுக்குப் போய் டிஸ்மிஸ்ஸா, ரெண்டு இன்க்ரிமென்ட்ட நிறுத்தினா போதும்னு சொல்லிடுச்சு. அதே சுப்ரீம் கோர்ட் 2005ல மகிந்திரா அண்ட் மகிந்திரா கம்பெனிக்கும் நரவாடேங்கற தொழிலாளிக்கும் நடந்த வழக்குல டிஸ்மிஸ் சரின்னு தீர்ப்பு சொல்லுச்சு, ஏன்னா அங்க மேலதிகாரிய அவருக்குக் கீழ வேல பாக்கறவங்க முன்னாடியே திட்டினது, அதுவும் ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ, குத்தத்த குறைச்சுப் பாக்கறதுக்கு ஒரு காரணமும் கிடைக்கல. ரெண்டுமே வாய்த்தகராறுதான், முடிவு தலைகீழ். உங்க கேஸ்லயும் எல்லார் முன்னாடியும் நடந்திருக்கு, அதனால ரெண்டாவது தீர்ப்பு மாதிரி போக சான்ஸ் இருக்கு, டெய்லர் பக்கம் காரணம் இருந்தா மொதல் தீர்ப்பு மாதிரி போகும். இது தெரியாம இன்னைக்கே வெளிய அனுப்பினா நாளைக்கு லேபர் கோர்ட்ல பேக் வேஜஸோட (வேலை இல்லாம இருந்த நாளுக்கான சம்பளத்தோட) திரும்பி வருவார்.

அதனால மொதல்ல சார்ஜ் ஷீட் (என்ன தப்புன்னு எழுத்துல) குடுத்து விளக்கம் கேளுங்க, அவர் ஃப்ளோர்ல இருந்தா மறுபடி பிரச்னை வரும்னு தோணினா சஸ்பெண்ட் பண்ணி விசாரிங்க, முதல் 90 நாளைக்கு பிழைப்பூதியமா பாதி சம்பளம் போகும், அத தண்டச் செலவுன்னு எம்.டி. சொன்னா கேஸ் செலவ கணக்குப் போட்டுக் காட்டுங்க. திட்டு வாங்கின மேனேஜரையே என்கொயரி ஆபீசரா மட்டும் போட்டுடாதீங்க (நிறைய எடத்துல நடக்குது, அந்த ஒரு காரணத்துக்கே என்கொயரி செல்லாமப் போயிடும்). சட்டத்துல இருக்கற இந்த நோட்டீஸ், பதில், விசாரணைங்கற இழுவை எல்லாம் நம்ம கோபம் ஆறறதுக்கு கெடைக்கற டைம்தான்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: ஜட்ஜுக்குப் பசிச்சா ஜாமீன் கிடைக்காதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஜாமீன் இல்லைங்க, பரோல், அதாவது தண்டனைக் காலம் முடியறதுக்கு முன்னாடியே கைதிய வெளிய விடறது. இஸ்ரேல்ல 8 ஜட்ஜுங்க குடுத்த 1,112 முடிவுகள எடுத்து 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு. உக்காந்த உடனே கிட்டத்தட்ட 65 சதவீதம் பேருக்கு சாதகமா வருது, நேரம் ஆக ஆக இறங்கி கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போயிடுது, சாப்பிட்டுட்டு வந்தா மறுபடி 65. வாட்ஸ்அப்ல இத்தோட நிறுத்திடுவாங்க. அதே வருஷமே வேற ஆளுங்க பதில் எழுதிட்டாங்க, வக்கீல் இல்லாத கைதிங்க கேஸ் பெரும்பாலும் பிரேக்குக்கு முன்னாடி கடைசியா வருது, வக்கீல் இல்லன்னா ஜெயிக்கறது கஷ்டம், இதுல பசி எங்க வந்துதுன்னு. எனக்கு அந்த பதில்தான் சரின்னு படுது.

அதுக்காக ஜட்ஜுக்கு மூடே கிடையாதுன்னும் சொல்லிட முடியாது. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல சிறார் கோர்ட் தீர்ப்புகள ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அலசினாங்க. அந்த ஊர் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் ஜெயிக்கும்னு நினைச்ச மேட்ச்ல தோத்துட்டா அடுத்த வாரம் பசங்களுக்கு தண்டனை கூடியிருக்கு, அதுவும் அந்த யுனிவர்சிட்டிலயே டிகிரி படிச்ச ஜட்ஜுங்ககிட்டதான் அது தெரியுது. அந்தப் பையனுக்கும் மேட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? பசி கதைய விட இதுதான் என்னை பயமுறுத்துது, ஏன்னா நான் தோத்த கடுப்புல இருக்கேன்னு அந்த ஜட்ஜுக்கே தோணியிருக்காது.

கேள்வி: எங்க ஆபீஸ்ல பாலியல் தொல்லை புகார விசாரிக்கற உள்ளகப் புகார் குழுவுல நான் மெம்பர். புகார் குடுத்த பொண்ணு அழவே இல்ல, நிதானமா தேதி நேரத்தோட சொல்லுது, எதிர்த்தரப்பு ஆளு கண்கலங்கறார். மனசு அவர் பக்கம் போகுது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மனசு அவர் பக்கம் போகுதுன்னு கவனிச்சீங்களே, அதுவே நல்லது, நிறைய பேர் அத "எனக்கு ஆளப் பாத்தாலே தெரியும்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அழறதும் அழாததும் சாட்சி ஆகாது. பாதிக்கப்பட்டவங்க அழுதுட்டேதான் இருப்பாங்கங்கற நினைப்பு தப்பு, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்குவாங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2023ல போட்ட கையேட்டுலயே இருக்கு. வேலை போயிடும்ங்கற பயத்துல தப்பு பண்ணாதவரும் கலங்குவார், பண்ணினவரும் கலங்குவார். மெசேஜ், சிசிடிவி, கூட இருந்தவங்க சொல்றது, இதுங்கள வச்சு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, இளகின மனசோட "ரெண்டு பேரும் கை குலுக்கிக்கோங்க"ன்னு சமரசம் பேச ஆரம்பிச்சுடாதீங்க. வேலை எடத்துல நடக்கற பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி விசாரணைக்கு முன்னாடி புகார் குடுத்தவங்களா கேட்டாதான் சமரசம், அதுலயும் பணம் பேசக்கூடாது. மத்தியப்பிரதேச ஹைகோர்ட் 2020ல ஒரு பாலியல் தொல்லை கேஸ்ல, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கோன்னு குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் நிபந்தனை போட்டுச்சு, நல்ல மனசோடதான் போட்டிருப்பாங்க, ஆனா யார் பயத்துல கதவ மூடிட்டு இருக்காளோ அவ வாசல்லயே கொண்டுபோய் ஆள நிறுத்தறாங்க. 2021 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணி, இந்த மாதிரி நிபந்தனையே போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

கேள்வி: ராத்திரி கோபத்துல ரிசைன் மெயில் அனுப்பிட்டேன். காலைல வாபஸ் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தாராளமா. 1977ல அலகாபாத் ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தரே ஆகஸ்ட் 1ல இருந்து விலகறேன்னு ஜனாதிபதிக்கு எழுதிட்டு ஜூலைல வேண்டாம்னு வாபஸ் வாங்கினார், அந்த தேதி வர்றதுக்குள்ள வாங்கினதால செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. பிரைவேட் கம்பெனில அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன போட்டிருக்குங்கறதும் முக்கியம், ஆபீசர் லெவல் வேலைன்னா திரும்ப எடுத்துக்கோன்னு கோர்ட் பொதுவா கட்டாயப்படுத்தாது, அதனால அவங்க "ஏத்துக்கிட்டோம்"னு பதில் போடறதுக்கு முன்னாடி ரெண்டே வரில வாபஸ் மெயில் அனுப்பிடுங்க, எச்.ஆருக்கும் ஒரு காப்பி போகட்டும். ஏன் கோபம் வந்துதுங்கற கதைய அந்த மெயில்ல எழுத வேணாம், அத நேர்ல மேனேஜர்கிட்ட பேசிக்கலாம்.