கடலைக்குக் கடலையே மருந்தா? உணவு ஒவ்வாமை கேள்வி பதில்
பதில்: காரைக்குடி குழந்தை மருத்துவர்

கோட்டையூர் வாசகர்: என் ஐந்து வயது மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. கடலையையே மருந்தாகக் கொடுக்கிறார்களாமே டாக்டர்?

உண்மைதான். கடலை மாவை மில்லிகிராம் கணக்கில் அளந்து, முதல் வேளையையும் ஒவ்வொரு கூட்டலையும் மருத்துவர் கண்முன்னே கொடுத்து, மாதக்கணக்கில் ஏற்றுவார்கள். 2020இல் அமெரிக்கா 'பால்ஃபோர்சியா' என்ற மருந்துக்கு அனுமதி தந்தது. கடைசியில் தினமும் 300 மில்லிகிராம் புரதம், ஏறக்குறைய ஒரே ஒரு பருப்பு. 2018இல் வெளியான ஆய்வில், இதை எடுத்த பிள்ளைகளில் 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராமைத் தாங்கினார்கள். மருந்தில்லாத மாவு எடுத்தவர்களில் 4 சதவீதம்தான்.

ஆனால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நிறுத்தினால் பலருக்குப் பழைய நிலை திரும்பும். தெரியாமல் வாயில் பட்டால் பிள்ளை தப்புவதற்கான ஏற்பாடு இது. கல்யாணப் பந்தியில் கடலை உருண்டை தின்பதற்கு அல்ல. காய்ச்சல் நாளில், ஓடியாடி வந்த கையோடு, வெறும் வயிற்றில் கொடுத்தால் நேற்று ஒத்துக்கொண்ட அளவே இன்று ஆபத்தாகலாம்.

புதுவயல்: வீட்டிலேயே துளித்துளியாகப் பழக்கலாமா?

கூடாது.

தேவகோட்டை: பால் குடித்தால் மகளுக்கு வயிறு உப்புகிறது, வேறொன்றும் இல்லை.

பெரும்பாலும் லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை, செரியாமை. ஒவ்வாமை வேறு. உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: எங்க காலத்துல பல்லு முளைக்கறதுக்குள்ள கஞ்சியில கடலையை அரைச்சுக் கலந்து கொடுப்போம். யாருக்கு என்ன வந்துச்சு? நீங்கதான் பயமுறுத்துறீங்க.

ஆச்சி, பாதி நியாயம் உங்கள் பக்கம். 2015இல் லண்டனில் முடிந்த லீப் ஆய்வில், கடுமையான கரப்பான் தோல்நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்குக் கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், தின்றவர்களுக்குக் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. ஆனால் அது வருமுன் தடுப்பது. வந்துவிட்ட பேரனுக்குக் கஞ்சியில் கலந்துவிடாதீர்கள்.

காரைக்குடி அன்பர்: ஆச்சி சொல்வதே சரி. செக்கெண்ணெயை விட்டு ரீஃபைண்டுக்குப் போனதால் வந்த வியாதி இது.

இந்த இடத்தில் விஷயம் தலைகீழ். ரீஃபைண்ட் கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். கடலை ஆகாத பிள்ளைக்குச் செக்குக் கடலெண்ணெயில் சுட்ட வெள்ளைப் பணியாரம் வேண்டாம். எள் ஆகாதவர்களுக்கு நல்லெண்ணெயும் அப்படியே.

பள்ளத்தூர் ஆச்சி: அவிச்ச கடலைன்னா பேரனுக்கு அவ்வளவா ஒண்ணும் செய்யலையே?

நல்ல கவனிப்பு, ஆச்சி. அவித்தால் புரதத்தில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். வறுத்தால் வீரியம் கூடும். அவித்ததில் தொடங்கி வறுத்ததுக்கு ஏற்றும் முறையை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள், மருத்துவமனைக் கண்காணிப்பில். பேரனுக்கு அதுவும் வேண்டாம், முதலில் அழைத்து வாருங்கள்.

கானாடுகாத்தான்: ஊசி வந்திருக்கிறதாமே?

ஓமலிசுமாப். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கு அனுமதி, ஒரு வயது முதல். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. போட்டாலும் ஆகாத உணவைத் தொடாத பத்தியம் உண்டு.

திருப்பத்தூர்: கொஞ்சூண்டு நாக்கில் தடவிப் பார்க்கலாமா?

இதே கேள்விதான் மறுபடியும். கூடாது, கூடாது. மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, பிள்ளை துவண்டாலோ வேண்டியது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. வீட்டில் அந்த ஊசி இல்லையென்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையை நடக்க விடாமல்.

செக்காலை: ஐஜிஜி ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

வேண்டாம். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம். அது நீங்கள் சாப்பிட்டதைக் காட்டும், ஒவ்வாததைக் காட்டாது.