சுவர்க் கடிகாரத்தின் மணிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி உண்டா?

உண்டு. செல்லில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் என்றால், ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றை வெட்டி நடுவே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைத்தால் சத்தம் குறையும். செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு நானே செய்தேன்.

எங்கள் ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. மாத்திரை, சாப்பாடு, ரேடியோவில் செய்தி எல்லாமே அவளுக்கு மணியை எண்ணித்தான். அந்தக் கடிகாரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு. லண்டன் பிக் பென் கோபுரத்தில் 1859 முதல் ஒலிக்கிறதே, அதேதான். முழு மணிக்கு மெட்டு மட்டும் 16 அடி, பிறகு மணியை எண்ணி அடிக்கும். நள்ளிரவு என்றால் மொத்தம் 28. வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு, ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளை அலறி எழுந்தது. ஒருநாள் செல்லைக் கழற்றி வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால் ஆச்சி கட்டிலில் உட்கார்ந்தே இருக்கிறாள். "எப்ப விடியும்னு தெரியலையே, தூங்கிட்டா மாத்திரை விட்டுப்போகுமேன்னு இருந்தேன்" என்றாள். மணியை நிறுத்தக் கூடாது, குறைக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் பழைய ரேடியோவில் இருந்த 10 கிலோ ஓம்ஸ் (பத்தாயிரம் ஓம்ஸ்; ஓம்ஸ் என்பது மின்தடையின் அளவு) வால்யூம் கன்ட்ரோலை எடுத்துப் போட்டேன். துளி திருகினாலே சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. காரணம், உள்ளே இருப்பது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். அதோடு தொடராக ஆயிரக்கணக்கான ஓம்ஸ் சேர்த்தால் ஸ்பீக்கருக்கு மிச்சம் ஒன்றும் வராது. மனைவியின் ஊர் கேரளத்தில் புனலூர். அங்கே ரேடியோ பழுது பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டதும், "ஒரு சின்ன ரெசிஸ்டர் இட்டா மதியல்லோ" (போட்டால் போதுமே) என்று 22 ஓம்ஸ், 68 ஓம்ஸ் இரண்டையும் கையில் கொடுத்தார். இரண்டும் அரை வாட் சக்தி தாங்கும்.

கணக்கு இதுதான்: 22 ஓம்ஸ் சேர்த்தால் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி சுமார் 14-ல் ஒரு பங்காகிவிடும். கேட்க அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது. சக்தி பத்தில் ஒன்றானால்தான் காதுக்குப் பாதிச் சத்தம். அதனால் 22 போட்டால் பாதிக்குக் கொஞ்சம் கீழே, 68 போட்டால் ஏறக்குறைய கால்வாசி. திருகிக் கொண்டே குறைக்க வேண்டும் என்றால் 100 ஓம்ஸ் ஒயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) வால்யூம் கன்ட்ரோல் வாங்குங்கள். நான் மூன்று நிலை உள்ள ரோட்டரி சுவிட்ச் வைத்தேன்: நேர் இணைப்பு, 22, 68. ஒவ்வொரு நிலைக்கும் 'டக்' என்று கையில் தெரியும், ஆச்சியே தடவிப் பார்த்து மாற்றிக் கொள்வாள்.

செல்லைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். போர்டில் ஐசி (சிப்) இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும், அதன் பக்கம் சால்டரிங் அயர்ன் போக வேண்டாம். வெட்டிய ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் ஈயம் வைத்தால் போதும். ஸ்பீக்கர் ஒயர் எதையும் செல்லின் மைனஸோடு சேர்த்துவிடாதீர்கள். சில போர்டுகளில் இரண்டு ஒயரிலுமே ஒலி வரும், சேர்த்தால் போர்டு போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதில் மெல்லிய பித்தளை வட்டு இருந்தால் இந்த ரெசிஸ்டர் வேலைக்கு ஆகாது, சத்தம் வெளியே வரும் ஓட்டையில் டேப் ஒட்டுங்கள்.

செய்வதற்கு முன் கடிகாரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், சிலவற்றில் வால்யூம் சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும். இருட்டானால் தானே வாயை மூடும் கடிகாரங்களும் உண்டு. ஆச்சி மாதிரி ராத்திரியிலும் மணி கேட்க வேண்டியவர்களுக்கு அது ஒத்து வராது.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் என்றால் மின்சார வேலையே இல்லை. சுத்தியலின் தலையில் மெல்லிய தோல் துண்டு ஒட்டினால் சத்தம் மென்மையாகும்.

எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி சாப்பிட்டதும் ஆச்சி சுவரைத் தடவிப் போய் இரண்டு 'டக்' வைத்துவிட்டுப் படுக்கிறாள். பிள்ளை தூங்குகிறான், கட்டிலில் ஆச்சி விரல் மடக்கி எண்ணுகிறாள்.