எண்ணெய் மழை பெய்யாது. ஆனால் அந்த டாங்க்குகளைக் கவனியுங்கள்

கேள்வி: நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே சால்மெட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நவம்பர் வரை எங்களோடுதான் இருப்பார்கள். 2004-இல் இவான் புயலில் சாய்ந்த, டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் கடல் எண்ணெய் மேடையின் கிணறுகளிலிருந்து மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வருவது இன்னும் முழுதாக நிற்கவில்லை என்று படித்தேன். புயல் பருவ முன்னோட்டமும் கவலை தருகிறது. ஹரிக்கேன் வந்தால் அந்த எண்ணெயை உறிஞ்சி மழையாகக் கொட்டுமா? வெள்ளத்தோடு வீட்டுக்குள் வருமா? எங்கள் தெருக்கோடியில் நின்றால் ரிஃபைனரியின் டாங்க்குகள் தெரியும். மற்றபடி கடல் அவ்வளவு பக்கத்தில் இல்லை. என்ன முன்னேற்பாடு செய்யலாம்?

பதில்: எண்ணெய் மழை பெய்யாது. இதை அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஹரிக்கேன் கடல்நீரை அப்படியே உறிஞ்சி மேலே கொண்டுபோவதில்லை. பல நூறு கிலோமீட்டர் பரப்பில் ஆவியாகும் நீரைத்தான் அது சேர்த்து மழையாக்குகிறது. கச்சா எண்ணெயின் கனமான பகுதி அப்படி ஆவியாகாது. ஆவியாகிற லேசான பகுதியும் காற்றில் கலைந்துவிடும். எண்ணெய்ப் படலம் கரையை ஒட்டி இருந்தால், கரையோரத்தில் அலைத்துளியோடு கொஞ்சம் தெறிக்கலாம், அவ்வளவுதான். படலம் கடலை மூடியிருந்தால் புயல் வலுவிழக்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் நடக்காது. புயலின் அகலத்துக்கு முன்னால் படலம் சின்னது. பெரிய அலை எழுந்ததும் அது உடைந்து சிதறிவிடும்.

கடலில் உள்ள எண்ணெயைப் புயல் எங்கே கொண்டுபோகும் என்பது, புயல் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தப் பகுதியில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். எண்ணெய்ப் படலத்துக்கு மேற்கே புயல் கடந்தால், தெற்கிலிருந்து வீசும் காற்று எண்ணெயை லூசியானா கரைக்குத் தள்ளும். கிழக்கே கடந்தால் வடக்கிலிருந்து வரும் காற்று அதைக் கடலுக்குள் விரட்டும். 2010 ஏப்ரல் 20-இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கரையிலிருந்து சுமார் 66 கிலோமீட்டரில் அது துளையிட்ட கிணறு 87 நாள் எண்ணெய் கக்கியது. அந்த ஜூன் கடைசியில் வந்த அலெக்ஸ் புயல் கரையேறியது மெக்சிகோவில், கிணற்றிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் இங்கே கடல் கொந்தளித்து, எண்ணெய் அள்ளும் படகுகள் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எண்ணெயும் கரைப்பக்கம் தள்ளப்பட்டது. அடுத்த மாதம் பொன்னி என்ற சிறு புயல் வந்தபோது, கிணற்றை நிரந்தரமாக அடைக்கத் துளையிட்டுக்கொண்டிருந்த கப்பல்கள்கூட விலக நேர்ந்தது. எண்ணெய்க் கசிவு இருக்கும் கடலுக்குப் புயல் செய்யும் பெரிய கெடுதல் என்று நான் கருதுவது இதைத்தான்: வேலை நின்றுபோகிறது, எண்ணெய் மட்டும் நிற்காமல் வருகிறது.

டெய்லர் விஷயத்தில் நீங்கள் படித்தது உண்மையான கதைதான். மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அப்பால், இவான் புயலின் அலைகள் கடலடிச் சேற்றைச் சரியவிட்டு மேடையையே கவிழ்த்தன. கிணறுகள் சேற்றுக்கு அடியில் புதைந்தன. வெளிவரும் எண்ணெயைக் கடலடியிலேயே பிடித்துச் சேகரிக்கும் அமைப்பு 2019-இல்தான் வந்தது. பதினான்கு வருடங்களுக்கு மேல் அதை அப்படியே விட்டு வைத்திருந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் சால்மெட்டில் உள்ள உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தக் கசிவால் ஆபத்தில்லை. அது உங்களை எட்டுவதற்குள் லேசான நச்சுப் பொருட்கள் ஆவியாகி, மிச்சம் அலையில் கலந்து, சதுப்பு நிலத்திலும் கடற்கரையிலும் தங்கிவிடும்.

முன்னோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. சராசரிப் பருவத்தில் பெயர் வைக்கப்படும் புயல்கள் 14, அதில் ஹரிக்கேன் ஆவது 7, மிகக் கடுமையாவது 3. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா மே மாதக் கடைசியில் வெளியிடும் எண்ணிக்கை அட்லாண்டிக் முழுவதற்கும் சேர்த்து. எந்த ஊரில் கரையேறும் என்று அது சொல்லாது. 2010-ஐயே பாருங்கள்: 14 முதல் 23 வரை புயல் வரும் என்றார்கள், 19 வந்தது, 12 ஹரிக்கேன் ஆனது. கணிப்பு பலித்தது, ஆனால் ஒரு ஹரிக்கேன்கூட அமெரிக்கக் கரையில் ஏறவில்லை. 1992 அதற்கு நேர்மாறு. அமைதியான வருடம், அதில்தான் ஆண்ட்ரூ வந்து தெற்கு ஃபுளோரிடாவைத் துடைத்துப் போட்டது. அதனால் முன்னோட்டம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் உங்கள் முன்னேற்பாட்டில் ஒன்றுமே மாறக் கூடாது. நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையத்தின் அறிவிப்பு.

இப்போது உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன டாங்க்குகளுக்கு வருகிறேன். எனக்குக் கவலை அங்கேதான்.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். உங்கள் பக்கத்து மெரோவில் உள்ள ரிஃபைனரி வளாகத்தில் 2,50,000 பீப்பாய் கொள்ளும் ஒரு டாங்க், அன்று முழுதாக நிரம்பியிருக்கவில்லை. கரைகள் உடைந்து வெள்ளம் சூழ்ந்ததும், பாதிக் குடம் தண்ணீரில் எழும்புவது போல அது எழும்பி, நகர்ந்து, பிளந்தது. சுமார் 25,000 பீப்பாய், அதாவது 40 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் வெளியே வந்தது. மெரோவிலும் சால்மெட்டிலுமாக ஏறக்குறைய 1,800 வீடுகளில் எண்ணெய் படிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் வெள்ளக் கோட்டோடு கறுப்புக் கோடும் இருந்தது. அது கடலில் கசிந்த எண்ணெய் இல்லை. கடல் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்ற உங்கள் கணக்கு அங்கே உதவாது. 2021-இல் ஐடா வந்தபோதும் ஆற்றின் கீழ்ப்பக்கம் பெல் சேஸில் ஒரு ரிஃபைனரிக்குள் வெள்ளம் புகுந்து எண்ணெய் மிதந்தது.

உங்கள் அப்பா அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எண்ணூரைச் சொன்னால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி ரிஃபைனரிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போனது. எர்ணாவூரிலும் காட்டுக்குப்பத்திலும் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் ஒட்டியது அந்த எண்ணெய்தான்.

உங்கள் பகுதிக்கு இன்று 2005-ஐவிட நல்ல பாதுகாப்பு இருக்கிறது. கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலரில் வெள்ளத் தடுப்புக் கரைகளைப் பலப்படுத்தினார்கள். போர்ன் ஏரிப் பக்கம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத் தடுப்புச் சுவரும் எழுந்தது. ஐடாவில் அவை தாங்கின. ஆனால் எந்த ஒரு வருடத்திலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்துக்குத்தான் அவை கட்டப்பட்டவை. அதைவிடப் பெரியது வந்தால் மேலே வழியும். ஆகவே வெளியேறும் உத்தரவு வந்தால், டாங்க் பக்கத்தில் இருப்பவர் என்ற முறையில் நீங்கள் முதல் ஆட்களாகக் கிளம்புங்கள். சால்மெட்டிலிருந்து வெளியேற வழிகள் குறைவு. பாரிஸ் ரோடு வழியாக ஐ-510 நெடுஞ்சாலையில் போய் ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடிப்பதோ, நியூ ஆர்லியன்ஸுக்குள் போவதோதான். கடைசி நாளில் இரண்டும் நெரியும். சால்மெட் அடங்கிய செயின்ட் பெர்னார்ட் பகுதி நிர்வாகத்தின் அவசர அறிவிப்பு உங்கள் போனுக்கு வர இன்றே பதிவு செய்யுங்கள். பெரியவர்களின் மருந்து இரண்டு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். இன்சுலின் என்றால் ஐஸ் பெட்டியும். பாஸ்போர்ட், வருகையாளர் இன்சூரன்ஸ் அட்டை, திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரே பையில்.

அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ். வாடகைதாரர் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் தேசிய வெள்ள இன்சூரன்ஸ் திட்டத்தில் வாடகைதாரரும் வீட்டுச் சாமான்களுக்கு 1 லட்சம் டாலர் வரை எடுக்கலாம். பொதுவாக, எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். டிவியில் புயல் தெரிந்த பிறகு எடுத்துப் பயனில்லை. ஏஜென்டிடம் பேசும்போது, வெள்ளத்தோடு எண்ணெய் வந்தால் எது வரை கிடைக்கும் என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பி வரும்போது வீட்டில் எண்ணெய் வாடை அடித்தால் உள்ளே போகாதீர்கள். பெரியவர்களை அழைத்துப் போகவே வேண்டாம். புதுக் கச்சா எண்ணெயில் பென்சீன் என்ற நச்சு ஆவி இருக்கும். என்95 முகமூடி தூசியைத்தான் தடுக்கும், அந்த ஆவியைத் தடுக்காது. லைட்டர், ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து தேசிய அவசர மையத்துக்கு, 1-800-424-8802 என்ற எண்ணில், தகவல் சொல்லுங்கள். கழுவுவதற்கு முன் சுவரில் உள்ள கறுப்புக் கோட்டையும் சாமான்களையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். எண்ணெய் ஊறிய மெத்தை, சோபா, அரிசி, பருப்பு எதையும் மீட்கப் பார்க்காதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளத்தில் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

பெரியவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதை நிறுத்த வேண்டாம். புயலுக்குப் பிறகு மணலில் தார் உருண்டைகள் கிடக்கலாம். 2012-இல் ஐசக் புயல், இரண்டு வருடம் புதைந்து கிடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெயைக் கிளறிக் கரையில் போட்டது. பழைய தார் காலில் பட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு அரிக்கலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் வீட்டுக்குள் வந்துவிட்டால் நஷ்டஈடு கேட்க, 1990-ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டம் வழி தருகிறது. பொதுவாக முதலில் எண்ணெயைச் சிந்தியவரிடம் எழுத்தில் கோர வேண்டும். 90 நாளில் தீராவிட்டால் அரசின் எண்ணெய்க் கசிவு நிதியிடம் போகலாம். கத்ரீனாவுக்குப் பிறகு மெரோ, சால்மெட் மக்கள் சேர்ந்து போட்ட வழக்கு 33 கோடி டாலரில் முடிந்தது. யாராவது வீட்டு வாசலுக்கு வந்து உடனே ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால், வக்கீலிடம் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.